மூர் மார்க்கெட்டைக் குடிலில் கட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் பிறந்தால் வடசென்னைக் கடிதங்கள் தனிக் கட்டாக வந்துவிடுகின்றன. இந்த முறை பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு என்று எங்கிருந்து எழுதியவர்களுக்கும் ஆசை ஒன்றுதான். இப்போது இல்லாத ஒரு கட்டடத்தை கிறிஸ்துமஸ் குடிலில் எழுப்பி, அதைப் பார்த்த பெரியவர்களுக்குக் காட்ட வேண்டும். அதை ஒட்டிய கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கே: எங்கள் குடியிருப்புக் குடிலில் இந்த வருடம் மூர் மார்க்கெட். அருகே ஒரு தகவல் பலகை வைக்கப் போகிறோம். அது எரிந்த வருடத்தை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். மின்சார ரயில் ஏறும் இடத்துக்கு மூர் மார்க்கெட் என்று பெயர் இருப்பதால், அந்தக் கட்டடம்தான் இது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பலகையில் என்ன எழுதலாம்? – வாசகர், பெரம்பூர்

ப: பிள்ளைகள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. பெயர் மட்டும் உயிரோடு இருக்கிறது, கட்டடம் இல்லை. பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலில் திணறியதால், சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதுச் சந்தை கட்ட நகராட்சி முடிவெடுத்தது. 1898ல் அடிக்கல் நாட்டி, 1900ல் திறந்தார்கள். அப்போது நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரை வைத்தார்கள். ஆர்.இ.எல்லிஸ் வடிவமைப்பு, ஏ.சுப்பிரமணிய அய்யர் கட்டுமானம். செங்கல் சிவப்பில், இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டட முறைகள் கலந்த இந்தோ-சாரசனிக் பாணியில், நடுவே முற்றம் விட்டுச் சுற்றிலும் கடைகள். 1985 மே 30 அன்று தீ. அதன்பின் ரயில்வேயின் புறநகர் முனையம் அந்த இடத்துக்கு வந்தது. வியாபாரிகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள்.

பலகைக்கு நான்கு வரி போதும்: 'மூர் மார்க்கெட். அடிக்கல் 1898. திறப்பு 1900. தீ 1985 மே 30. இருந்த இடம்: சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே.' எழுத்து ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. இன்னொன்று. பக்கத்தில் ரிப்பன் மாளிகையையும் (வெள்ளை நிற மாநகராட்சித் தலைமையகம்) வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வையுங்கள், ஆனால் அது திறந்தது 1913ல். 'திறப்பு விழாக் காட்சி 1900' என்று பலகை வைத்துவிட்டு ரிப்பன் மாளிகையைப் பக்கத்தில் நிறுத்தினால், யாராவது ஒரு தாத்தா வந்து கேட்கத்தான் போகிறார்.

கே: வரைபடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பழைய புகைப்படம்தான். அதை வைத்து எப்படி அளவு எடுப்பது? எங்கள் மேசை 8 அடிக்கு 4 அடி. சுரூபங்கள் (குடிலில் வைக்கும் சிலைகள்) ஓரடி உயரம். போன வருடம் பின்னணியில் வைத்த கட்டடம் பொம்மை வீடு மாதிரி இருந்தது. – வாசகர், வியாசர்பாடி

ப: பொம்மை வீடு மாதிரித் தெரிந்ததற்குக் காரணம், சுரூபத்தையும் கட்டடத்தையும் ஒட்டி வைத்ததாகத்தான் இருக்கும். ஓரடி சூசையப்பரை (இயேசுவின் வளர்ப்புத் தந்தை) ஐந்தரை அடி ஆள் என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் 40 அடி உயரக் கட்டடம் ஏழடிக்கு மேல் போய்விடும். மேசை தாங்காது. ஆகவே கட்டடத்தைத் தூரத்தில் தெரிவதாகக் காட்ட வேண்டும். 1:40 அளவு, அதாவது அசலில் நாற்பதில் ஒரு பங்கு எடுத்து, சுரூபங்களுக்கு இரண்டரை அடி பின்னால் தள்ளி, தரையை நான்கு அங்குலம் உயர்த்தி வையுங்கள். இடையில் இருக்கும் வெற்றிடம் தெரியாதபடி புல்லோ புதரோ வைத்து மறைத்தால்தான் கண் ஏமாறும். சுரூபத்தின் தோளுக்கு நேராகக் கோபுரம் வரக் கூடாது. சூசையப்பர் கோபுரத்தைத் தூக்கி நிற்பது போலாகிவிடும்.

அளவெடுக்கப் புகைப்படத்தில் கட்டடத்தின் சுவரை ஒட்டி நிற்கும் ஒரு ஆளைப் பிடியுங்கள். அவர் உயரம் ஐந்தரை அடி. உதாரணத்துக்கு, படத்தில் அவர் 6 மில்லிமீட்டர், அதே இடத்தில் சுவரின் உச்சி 42 மில்லிமீட்டர் என்று இருந்தால், சுவர் அவரைப் போல் ஏழு மடங்கு, அதாவது 38½ அடி. 40ஆல் வகுத்தால் பதினொன்றரை அங்குலம். கேமராவுக்கு அருகில் நிற்பவரை அளந்துவிடாதீர்கள். அவர் படத்தில் பெரிதாக விழுந்திருப்பார், கட்டடம் குள்ளமாகிவிடும். படம் பக்கவாட்டில் எடுத்ததாக இருந்தால் அகலத்தை ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது. தூரத்து வளைவுகள் சுருங்கியிருக்கும். வளைவுகளை எண்ணுங்கள், அருகில் இருக்கும் ஒன்றை மட்டும் அளந்து, எல்லாம் அதே அகலம் என்று வைத்துப் பெருக்குங்கள்.

சுவருக்கு 25 மில்லிமீட்டர் தெர்மாகோல், முகப்பு வேலைக்கு 5 மில்லிமீட்டர் சன் போர்டு (கெட்டியான நுரைப் பலகை). வளைவு வெட்ட அட்டையில் ஒரே ஒரு அச்சு செய்து அதையே எல்லாவற்றுக்கும் வையுங்கள். கையால் வரைந்தால் பத்தாவது வளைவு முதல் வளைவுக்குச் சித்தப்பா மாதிரி வந்து நிற்கும். தெர்மாகோல் உதிர்ந்து பொடியாகிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது. புதுப் பிளேடில் மெழுகுவத்தியைத் தேய்த்து, அழுத்தாமல் நாலைந்து தரம் இழுங்கள். சின்னக் குவிமாடத்துக்கு மூன்று அங்குலத் தெர்மாகோல் பந்தை இரண்டாக அறுத்தால் போதும்.

பெரும்பாலான குடில்கள் கெட்டுப்போவது பெயின்ட் அடிக்கும் நேரத்தில். ஸ்பிரே பெயின்ட், எனாமல், செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசை ஆகியவற்றில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அடித்த அரை நிமிடத்தில் சுவரில் குழி விழும். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நாளிதழ்த் துண்டுகளை ஒரு அடுக்கு ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். டிசம்பர் ஈரத்தில் அவசரப்பட்டால் காகிதம் சுருங்கிச் சுவர் வளையும். இரண்டு பக்கமும் ஒட்டினால் வளைவு வராது. அதன்மேல் டிஸ்டெம்பர். நிறத்துக்குச் செங்காவியுடன் சிறிது வெள்ளை, ஒரு சிட்டிகை கறுப்பு. அசல் சிவப்பு வேண்டாம், தபால்பெட்டி போல இருக்கும். காவிப் பொடியைத் தண்ணீரில் மட்டும் கரைத்தால் தொட்டவர் கையெல்லாம் காவி, ஒரு கப்புக்கு இரண்டு ஸ்பூன் ஃபெவிகால் சேருங்கள்.

செங்கல் வரி எல்லா இடத்திலும் போட வேண்டாம். மூன்று அங்குல வரி 1:40ல் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. சுவர் முழுக்கக் கோடு போட்டால் கணக்கு நோட்டு போலிருக்கும். மை தீர்ந்த ரீபிள் முனையால், வளைவு ஓரங்களிலும் மூலைகளிலும் கைப்பிடி அளவு இடத்தில் மட்டும் கீறிவிடுங்கள். மற்றதைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

மூர் மார்க்கெட் என்றாலே பலருக்கும் பழைய புத்தகம். பழைய வார இதழின் அட்டைகளை 6 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, பத்துப் பத்தாக ஒட்டி வாசலில் கோணல்மாணலாக அடுக்குங்கள். நேராக அடுக்கினால் நூலகம், கோணலாக இருந்தால்தான் பழைய புத்தகக் கடை. துடைப்பக்குச்சியை நறுக்கி இரண்டு பறவைக் கூண்டு, காதிப் பையில் இருந்து பிரித்த நூலில் ஒரு கூடை. இதற்குமேல் வைத்தால் மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவரைத் தேட வேண்டிவரும்.

சிவப்பு விளக்கும் புகை மெஷினும் வைத்து தீக் காட்சி காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வியாபாரம் நடக்கும் ஒரு சாயங்காலத்தைக் காட்டுங்கள். தீ பலகையில் ஒரு வரியாக இருக்கட்டும். அங்கே கடை வைத்திருந்தவர்களின் குடும்பங்கள் குடில் பார்க்க வரக்கூடும்.

கே: கட்டடத்துக்குள் விளக்கு போட்டால் ஜன்னல் மட்டும் ஒளிராமல் சுவரே மினுங்குகிறது. பழைய காலத்து சீரியல் செட், ஓடுகிற விளக்கு எல்லாம் வைக்கவும் ஆசை. வீட்டில் 40 பல்பு சரம் ஒன்று இருக்கிறது, ஒன்று போனால் எல்லாம் போய்விடுகிறது. – வாசகர், புளியந்தோப்பு

ப: முதலில் சுவர். தெர்மாகோல் ஒளியை விடும். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டி, ஜன்னல் இடத்தில் மட்டும் வெட்டி, அங்கே பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். உள்ளே 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், மஞ்சள் கலந்த வெள்ளை. நீல வெள்ளை வாங்கினால் மருத்துவமனை. அதை வெட்டுக் குறி இருக்கும் இடத்தில் மட்டுமே நறுக்க வேண்டும். குறி தவறினால் அந்தத் துண்டில் மூன்று எல்.இ.டி. எரியாது. அதன் பின்பக்கப் பசை தெர்மாகோலில் நிற்காது, மரச் சட்டத்தில் ஒட்டி உள்ளே வையுங்கள். 2 ஆம்பியர் அடாப்டர் என்றால் 24 வாட். மூன்று மீட்டருக்கு மேல் மாட்ட வேண்டாம்.

இனி சீரியல் செட். 230 வோல்ட்டை 40 பல்பு பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு 5.75 வோல்ட். அதனால்தான் 6 வோல்ட் பல்பு. எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால் ஒரு இழை அறுந்தால் ஓட்டமே நின்றுவிடும். போன பல்பை வெட்டிவிட்டு ஒயரை முறுக்கி ஒட்டுவது நம் பக்கம் வழக்கம். ஒன்றிரண்டு வரை ஓடும். 35 பல்பு ஆனால் ஆளுக்கு 6.6 வோல்ட், 30 ஆனால் 7.7. அப்புறம் பளிச்சென்று எரிந்து ஒவ்வொன்றாகப் போகும். போன இடத்தில் அதே வோல்ட் பல்பைப் போடுவதுதான் வழி.

போன பல்பைத் தேட நாற்பதையும் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் (ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலை) வையுங்கள். ஒரு முனையைச் சரத்தின் தொடக்கத்திலும் இன்னொன்றை இருபதாவது பல்பின் காலிலும் வைத்தால், எந்தப் பாதியில் கோளாறு என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியைப் பாதியாக்குங்கள். ஆறு தரத்துக்குள் சிக்கிவிடும். இது இழை பல்புக்கு மட்டும், எல்.இ.டி. சரத்தில் இந்தச் சோதனை செல்லாது. பிளக்கைப் பிடுங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. '6 வோல்ட் பல்புதானே' என்று ஓட்டத்தில் ஒன்றைக் கழற்றினால், அந்த வெற்று ஹோல்டரின் இரண்டு காலுக்கும் நடுவே 6 வோல்ட் நிற்காது, முழு 230 வோல்ட் நிற்கும்.

ஓடுகிற விளக்கின் சூட்சுமம் மூன்று வரிசை. பல்புகளை 1, 2, 3, 1, 2, 3 என்று எண்ணிட்டு, எல்லா ஒன்றும் ஒரு சுற்று, எல்லா இரண்டும் ஒரு சுற்று, எல்லா மூன்றும் ஒரு சுற்று. அந்தக் காலத்தில் சின்ன மோட்டார் சுற்றும் மர உருளையில் பித்தளைத் தகடுகளை மூன்று படியாகத் தள்ளி அடித்திருப்பார்கள். உருளை திரும்பத் திரும்ப ஸ்பிரிங் தகடு அவற்றைத் தொட்டு 1, 2, 3 என்று மாறி மாறி எரியும். இரண்டு வரிசை மட்டும் வைத்தால் கண் சிமிட்டுமே தவிர ஓடாது, எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஓட்டம் தலைகீழாகப் போகிறது என்றால் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும். உருளை முறையில் தகட்டில் பொறி பறந்து கரி பிடிக்கும், அடிக்கடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். வைக்கோலுக்குப் பக்கத்தில் பொறி பறக்கும் எதுவும் கூடாது. 12 வோல்ட் எல்.இ.டி.யும் மூன்று வழி கன்ட்ரோலரும் அதே ஓட்டத்தைத் தந்துவிடும். உருளையைப் பார்வைக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா சுற்றவிடுங்கள்.

குடிலுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டால் சூடு இருக்காது என்று நினைக்க வேண்டாம். பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுக்கும், வைக்கோல் சாய்ந்து கிடந்தால் கருகும். குடிலுக்குப் போகும் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். ஒரு வாளி மணல் மேசைக்கு அடியில் வேண்டாம், ஓடி எடுக்கிற இடத்தில்.

கே: பிளாஸ்டிக் ஸ்டார் அலுத்துவிட்டது. மூங்கில் பிளாச்சில் (பிளந்த மூங்கில் குச்சி) இரண்டடி ஸ்டார் கட்ட அளவு வேண்டும். போன முறை ஒரு கொம்பு நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் வந்தது. – வாசகி, ராயபுரம்

ப: 24 அங்குலத்தில் பத்துப் பிளாச்சு, 6 அங்குலத்தில் ஐந்து. பத்திலும் இரு முனையிலும் அரை அங்குலம் கட்டுக்கு விட்டால் நடுவே 23. அந்த 23ல் இரண்டு முனையிலிருந்தும் 8¾ அங்குலத்தில் பென்சில் குறி போடுங்கள். பிளாச்சுகள் ஒன்றையொன்று கடக்க வேண்டிய இடம் அதுதான். குறியோடு குறி சேர்த்துக் கட்டினால் கொம்புகள் தானாகச் சமமாக வரும். போன முறை குறியில்லாமல் கண்ணளவில் கட்டியிருப்பீர்கள். ஐந்து பிளாச்சில் ஒரு முகம், ஐந்தில் இன்னொரு முகம். இரண்டையும் ஐந்து முனைகளிலும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்மூலை ஐந்திலும் 6 அங்குலத் துண்டை நடுவே நிறுத்தினால் வயிறு உப்பும். துண்டை முதலில் நிறுத்திவிட்டு முனையைக் கட்டப் பார்த்தால் சேராது.

காகிதத்துக்குக் காத்தாடி பேப்பர் நன்றாக இழுத்து நிற்கும். மைதா பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை போட்டால் கரப்பான் வராது. அது விஷம், பிள்ளைகள் ஒட்டுவதாக இருந்தால் போடாதீர்கள். ஒரு கொம்பை மட்டும் ஒட்டாமல் கதவு மாதிரி விடுங்கள், பல்பு மாற்ற வேண்டும் அல்லவா. உள்ளே 5 வாட் எல்.இ.டி. பல்பு போதும். மழைக்கு மேலே கொம்பு மூடும் அளவு பாலித்தீன், அடியில் திறந்தே இருக்கட்டும். முழுக்கச் சுற்றினால் உள்ளே வேர்த்துக் காகிதம் தளர்ந்துவிடும்.

கே: குடிலுக்குக் கோதுமைப் புல்லா, கேழ்வரகுப் புல்லா? எப்போது விதைப்பது? – வாசகி, தண்டையார்பேட்டை

ப: ஓரடி சுரூபத்துக்கு முன்னால் கோதுமை, பின்னால் கட்டடத்தை ஒட்டிக் கேழ்வரகு. மெல்லிய இலை தூரத்தைக் காட்டும். 24ஆம் தேதி ராத்திரிக்குக் கோதுமையை 15 அல்லது 16லும், கேழ்வரகை 13லும் விதையுங்கள். ராத்திரி ஊறவைத்து, தட்டில் தென்னைநார்க் கழிவு ஒரு அங்குலம் பரப்பி, அதன்மேல் நெருக்கமாகத் தூவி, முளை விடும்வரை ஈரச் சாக்கு மூடி வைக்கவும். பிறகு தெளிப்பு மட்டும். ஊற்றினால் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து நாற்றம் வரும். கேழ்வரகை எறும்பு தூக்கிக்கொண்டு போகும். தட்டைச் சுற்றி மஞ்சள்தூள் வரப்பு. விளக்கு ஒயர் புல் தட்டுக்கு அடியில் போகக் கூடாது.

கே: மூர் மார்க்கெட் எங்களுக்குத் தூரம். எங்களுக்கு பி அண்ட் சி மில்தான் அடையாளம். அதைச் செய்யலாமா? – வாசகர், பட்டாளம்

ப: தாராளமாக. பக்கிங்ஹாம், கர்னாடிக் என்ற இரண்டு ஆலைகள் 1920ல் இணைந்து அந்தப் பெயர் வந்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். சங்கத்தை உருவாக்கிய வாடியா, திரு.வி.க. பெயர்களைப் பலகையில் விட்டுவிடாதீர்கள். 1996ல் ஆலை மூடப்பட்டது. ஆலையின் புகைபோக்கிக்கு நேர் பி.வி.சி. பைப்பை அப்படியே நிறுத்தினால் தண்ணீர்க் குழாய் போலிருக்கும். சார்ட் பேப்பரை மேலே குறுகும் கூம்பாகச் சுற்றி, உள்ளே பைப்பை விட்டு நிறுத்துங்கள். புகைக்குப் பஞ்சு வேண்டாம், அது பனிக்கு வைத்ததில் மிச்சம் என்று தெரிந்துவிடும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் ஆட்கள், கையில் தூக்குவாளி, நாலைந்து சைக்கிள். மில் வந்துவிடும்.

கே: குடில் பக்கத்தில் பழைய குடும்பப் படங்களை வைக்கச் சிலர் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. – வாசகர், காசிமேடு

ப: பிய்க்காதீர்கள். படத்தின் முகம் கண்ணாடியில் நின்றுவிடும், கையில் வெறும் காகிதம் வரும். கண்ணாடியைத் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் எடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனை நேராகப் பிடித்து எடுக்கலாம். கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தால் ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, லென்ஸை அதன் வழியே விடுங்கள்.

வெளியே வைப்பது பிரதி மட்டும். அசல் அன்றே வீட்டுக்குத் திரும்பட்டும். பின்பக்கம் எழுதுவது பென்சிலில், இடம், சுமாரான வருடம், கொடுத்தவர் வீடு. பேனா மை ஊறி முன்பக்கம் வரும். 'மூர் மார்க்கெட் முன்பு' என்று ஒருவர் சொன்ன படத்தில் பின்னால் வெள்ளைக் கட்டடம் நின்றால், அது ரிப்பன் மாளிகையாக இருக்கலாம். இன்னொரு பெரியவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். படத்துக்கு அடியில் நீள வெள்ளைத்தாளும் கயிற்றில் கட்டிய பென்சிலும் தொங்கவிட்டால், தெரிந்தவர்கள் தாங்களே எழுதிவிட்டுப் போவார்கள். பென்சில் நாலு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு காணாமல் போகும்.

கே: ஜனவரியில் பிரித்த கட்டடத்தை அடுத்த வருடத்துக்கு வைக்க முடியுமா? – வாசகர், கொருக்குப்பேட்டை

ப: மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6) முடிந்ததும் பிரியுங்கள். வைக்கோலும் புல்லும் உடனே வெளியே, இல்லாவிட்டால் எலி. மைதா பசை பட்ட பகுதியை அது முதலில் கடிக்கும். சுவர்களை நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும், படுக்கையாக, இடையே நாளிதழ் வைத்து அடுக்குங்கள். பின்பக்கம் 'இடது 1, இடது 2' என்று எண்ணிடுங்கள். எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை மடக்காமல் பழைய சுருளிலேயே சுற்றவும். பரணில் தகரக் கூரைக்கு அடியில் மட்டும் வேண்டாம். மே மாத வெயிலில் தெர்மாகோல் சுருங்கி, பதினொன்றரை அங்குலச் சுவர் கோணிக்கொள்ளும்.